குனிந்தால் வரும் தலையிடி

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரப் பிரிவினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைக் காம்பராவிலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வீட்டு வேலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

தோட்டந்தோட்டமாகப் போகும்போது எங்கள் காதில் அடிக்கடி விழுகிற பேச்சு ஒன்று உண்டு. “நிமிந்து நிக்கையில ஒன்னுமில்லைங்க. குனிஞ்சா போதும், மண்டை கழண்டு விழுற மாதிரி இருக்கு.” கொழுந்து எடுக்கிற தாயும் சொல்கிறார். முள்ளுக் குத்துகிற ஐயாவும் சொல்கிறார். பீலியில் துணி துவைக்கிற பிள்ளையும் சொல்கிறது. ஏன் வருகிறது என்று கேட்டால் மூன்றில் ஒரு பதில் வரும்: பீனிசம், பித்தம், பிரஷர். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: “ரெண்டு பெனடோல் போட்டுட்டு மலைக்குப் போனேன்.”

இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது இதுதான். குனிந்தால் வரும் தலையிடி என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. அது உடம்பு கொடுக்கிற தகவல். பல காரணங்களுக்கு உடம்பு இந்த ஒரே தகவலைத்தான் கொடுக்கும். சில காரணம் ஒரு போத்தல் தண்ணீரோடு தீரும். சில காரணம் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிரைக் கேட்கும். எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் காசும் மிச்சம், பேரும் மிச்சம், உயிரும் மிச்சம்.

குனிந்தால் ஏன் வலிக்கிறது?

நிமிர்ந்து நிற்கும்போது தலையிலுள்ள இரத்தம் சுலபமாகக் கீழே இறங்கி நெஞ்சுக்குத் திரும்பிவிடும். தலையைத் தாழ்த்தினால் அது இறங்கக் கொஞ்சம் சிரமப்படும். தலைக்குள் அழுத்தம் சற்றுக் கூடும். சுகமாக இருக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஆனால் தலைக்குள்ளோ, மூக்கைச் சுற்றியோ, கழுத்திலோ ஏற்கெனவே ஏதாவது கோளாறு இருந்தால் அந்தச் சிறிய அழுத்தமே பெரிய வலியாகத் தெரியும். புண்பட்ட விரலில் துணி பட்டாலும் வலிக்கிறதல்லவா, அது போலத்தான். குனிவது வலியை உண்டாக்கவில்லை. இருக்கிற கோளாறைக் காட்டிக் கொடுக்கிறது.

அதனால் தலையிடி வந்ததும் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். எந்த நேரத்தில் வருகிறது? எந்த இடத்தில் வலிக்கிறது? வலியோடு வேறு என்ன வருகிறது? எதைச் செய்தால் குறைகிறது? இந்த நாலுக்கும் பதில் தெரிந்தால் டாக்டர் ஐயாவுக்குப் பாதி வேலை குறைந்தது.

முதல் காரணம்: தண்ணீர்

கொழுந்து எடுக்கிற ஒரு தாயின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நாலரைக்கு எழும்புகிறார். அடுப்பு மூட்டி ரொட்டி சுடுகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்துகிறார். நின்றபடியே ஒரு கோப்பைத் தேத்தண்ணி. ஏழு மணிக்கெல்லாம் மலையில் நிற்கிறார். பத்து மணிக்குக் கொஞ்சம் தேத்தண்ணி. பகலில் ரொட்டியும் சம்பலும், அதற்குமேல் இன்னொரு கோப்பை. பின்னேரம் நாலரை வரை அவ்வளவுதான். கூட்டிப் பாருங்கள், முழுப் பகலுக்கும் மூன்று கோப்பை!

“இங்கே குளிர்தானே, தாகமே எடுக்காது” என்பீர்கள். உண்மைதான். குளிரில் தாகம் தெரியாது. ஆனால் கூடையைச் சுமந்துகொண்டு ஏற்றத்தில் ஏறும்போது வேர்வை போகிறது. மூச்சோடும் ஈரம் போகிறது. உடம்பில் நீர் குறைந்தால் தலையிடி வரும். அது பெரும்பாலும் தலை முழுக்கக் கனமாக இருக்கும். குனிந்தால், நடந்தால், தலையை ஆட்டினால் கூடும். வாய் காயும், நிமிரும்போது கண் இருட்டும், சிறுநீர் கடுமஞ்சளாகக் கொஞ்சமாகப் போகும். பகல் வெயிலுக்குப் பிறகு வருகிற தலையிடியில் இதை முதலில் சந்தேகியுங்கள்.

வைத்தியம் சுலபம். நிழலில் உட்கார்ந்து இரண்டு மூன்று கோப்பைத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடியுங்கள். நீர் குறைந்ததால் வந்த வலியானால் அரை மணித்தியாலத்திலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் குறையும். வயிற்றோட்டமோ வாந்தியோ இருந்தால் வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டும். மலைக்குப் போகும்போது ஒன்றரை லீற்றர் கொதித்தாறிய நீர் ஒரு போத்தலில் உங்களோடு போகட்டும். ஒவ்வொரு முறை நிறுவைக்குப் போகும்போதும் ஒரு கோப்பை என்று கணக்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

இங்கே ஒன்றை மறைக்காமல் பேச வேண்டும். தாய்மார் தண்ணீர் குடிக்காதது மறதியால் மட்டுமல்ல. மலையில் ஒதுங்க இடமில்லை. குடித்தால் போகவேண்டி வரும், போக மலசலகூடம் இல்லை, ஆண்கள் நிற்கிறார்கள், அட்டை, பாம்பு, குளவி என்று பயம். ஆகவே குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். இதனால் தலையிடி மட்டுமல்ல, சிறுநீர்க் கடுப்பும் கிருமித் தொற்றும் வருகின்றன. இதற்குத் தாய்மாரைக் குற்றம் சொல்ல முடியாது. மலைக்குப் பக்கத்தில் கதவும் தண்ணீரும் உள்ள ஒரு மலசலகூடம் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. தாய்மார் சங்கமாகச் சேர்ந்து எழுத்தில் நிர்வாகத்திடம் கேளுங்கள். கங்காணிமாருக்கும் ஒரு வேண்டுகோள்: ஒரு தாய் பத்து நிமிடம் ஒதுங்கிவிட்டு வந்தால் மலை ஓடிவிடாது. தலையிடியோடு பாதி நாளில் வீட்டுக்குப் போனால்தான் நட்டம்.

கூடையும் கழுத்தும்

மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோ பாரம். நிமிர்ந்து நின்றால் அந்தப் பாரத்தை முதுகெலும்பு தாங்குகிறது. குனிந்து முன்னால் பார்த்தால் பிடரித் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதோடு கூடைக் கயிறும் தலையில் கிடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். பிடரியும் தோளும் கல்லாகி, அங்கிருந்து வலி மண்டைக்கு ஏறும். இந்த வலி பின்னந்தலையில் தொடங்கி நெற்றிவரை பட்டி கட்டினாற்போல் இறுக்கும். பின்னேரத்தில் கூடும். பிடரியை அமுக்கினால் “அங்கதான், அங்கதான்” என்பீர்கள். வாந்தி வராது.

இதற்குச் சில யோசனைகள். கயிறு நேரே மண்டையில் அழுந்தாமல் தலைத்துணியைத் தடிப்பாக மடித்துச் சும்மாடு போல வையுங்கள். கூடை நிரம்பி வழியும்வரை சுமக்காமல், வசதி உள்ள இடத்தில் முன்கூட்டியே கொட்டிவிடுங்கள். எட்டி எட்டிக் குனிந்து எடுக்காமல் செடிக்குக் கிட்ட நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடித்து எடுங்கள். வீட்டில் துணி துவைக்கும்போது பேசினைத் தரையில் வைக்காமல் ஒரு கல்லின்மேலோ பலகையின்மேலோ உயர்த்தி வையுங்கள். கீழே கிடக்கிற பாரத்தைத் தூக்கும்போது தலையைத் தாழ்த்தாமல் குந்தி இருந்து தூக்குங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை கூடையை இறக்கி, தோளை மேலும் கீழும் பத்துத் தடவை அசைத்து, தலையை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்புங்கள். இரவில் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிடரியில் கால்மணி நேரம் போட்டால் நல்ல சுகம் கிடைக்கும்.

எல்லாம் பீனிசம் அல்ல

மூக்கைச் சுற்றி, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் காற்று நிறைந்த சிறு அறைகள் இருக்கின்றன. தடிமன் பிடித்தால் அந்த அறைகளின் வாசல் வீங்கி அடைபடும். உள்ளே சளி தேங்கும். குனியும்போது முகம் கனத்து, கன்னத்திலும் கண்ணுக்கு மேலும் குத்தும். மூக்கடைப்பு, தடித்த மஞ்சள் சளி, மணம் தெரியாமை, மேற்பல் வலி இவையெல்லாம் கூட வரும். இதுதான் உண்மையான பீனிசம்.

பெரும்பாலான பீனிசம் வைரசினால் வருவது. பத்து நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் தானாகவே தீரும். அன்டிபயோட்டிக் குளிசை அதற்கு வேலை செய்யாது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போடவே வேண்டாம். ஒரு கோப்பை கொதித்தாறிய நீரில் கால் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கரைத்து, மூக்கை மெதுவாகக் கழுவினால் சளி இளகும். பச்சைத் தண்ணீரில் செய்யக்கூடாது. கொத்தமல்லித் தண்ணி, சூடான கஞ்சி எல்லாம் தொண்டைக்கு இதம். தலையை உயர்த்திப் படுங்கள். வேது பிடிப்பது கொஞ்ச நேரச் சுகம் தரும், ஆனால் லயக் காம்பராவின் நெருக்கத்தில் கொதிநீர்ப் பானை சரிந்து பிள்ளைகள் வெந்துபோகிற ஆபத்து உண்டு. பிள்ளைகளுக்கு வேது வேண்டாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூக்கருகே சித்தாலேபவோ வேறு தைலமோ பூசக் கூடாது.

பத்து நாளாகியும் குறையவில்லை, குறைந்து வந்து மறுபடி கூடியது, கடும் காய்ச்சல் அடிக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். கண்ணைச் சுற்றி வீங்கினால் அன்றைக்கே போங்கள். ஒரு பக்கம் மட்டும் நாற்றமுள்ள சளி வந்தால் மேற்பல்லைப் பாருங்கள். சொத்தைப் பல்லின் வேரிலிருந்து கிருமி மேலே ஏறுவதும் உண்டு.

சளியே இல்லை, மூக்கு அடைக்கவில்லை, ஆனால் மாதம் ஒருதரம் இருதரம் “பீனிசம்” வந்து படுக்க வைக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி. பெயர் ஒற்றை என்றாலும் இரண்டு பக்கமும் வரலாம். நெற்றியிலும் கன்னத்திலும் வலிப்பதாலும் குனிந்தால் கூடுவதாலும் பீனிசம் என்று நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் எப்படித் தெரியும்? ஒற்றைத் தலைவலி நாடி துடிப்பது போலத் “திக் திக்” என்று இடிக்கும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. இருட்டு மூலையில் போய்ப் படுக்கச் சொல்லும். சில மணித்தியாலத்திலிருந்து மூன்று நாள் வரை நிற்கும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வரும். மாதச் சுகவீனம் வருகிற நாளை ஒட்டியும் வரும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர இடமுண்டு.

பசி, தூக்கக் குறைவு, வெயில், தண்ணீர்க் குறைவு, மனக் கவலை இவையே இதைத் தூண்டிவிடுகின்றன. காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவருக்கு இது வராமல் யாருக்கு வரும்? ஒரு ரொட்டியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அடிக்கடி வந்தால், வராமல் தடுப்பதற்கே மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். வலிக்கு முன் கண்ணில் மின்மினி பறப்பது போலவோ, வளைந்து வளைந்து வெளிச்சக் கோடு போலவோ தெரிகிற தாய்மார், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை தொடங்குமுன் கட்டாயம் மிட்வைப்பிடம் அதைச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குச் சில வகைக் குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். வேறு முறை கொடுப்பார்கள்.

அடுப்புப் புகையும் கரிச்சட்டியும்

ஜன்னல் இல்லாத குசினியில் ஈர விறகு எரிந்தால் புகை மூக்கையும் கண்ணையும் அரிக்கும். தலையிடியும் பீனிசமும் கூடும். அடுப்பை நோக்கிக் குனிந்து ஊதுகிறவர் அந்தப் புகையை முழுதாக விழுங்குகிறார். விறகைக் காயவைத்து எரியுங்கள். கூரையில் புகை போக வழி செய்யுங்கள். சமைக்கும்போது கதவு திறந்திருக்கட்டும்.

அதைவிடப் பயங்கரம் கரிச்சட்டி. மார்கழி, தைக் குளிரில் கதவு ஜன்னல் எல்லாம் பூட்டிக்கொண்டு காம்பராவுக்குள் கரி நெருப்பு வைத்துப் படுக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. கரி எரியும்போது மணமும் நிறமும் இல்லாத நச்சு வாயு ஒன்று வரும். முதலில் தலையிடி, பிறகு மயக்கம், பிறகு எழும்பவே மாட்டார்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடியா? யோசிக்க வேண்டாம். எல்லோரும் வெளியே காற்றுக்கு வாருங்கள். பிறகு ஆஸ்பத்திரி.

இரத்தக் குறைவும் நம்முடைய தேத்தண்ணியும்

குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் உள்பக்கம் வெளுத்திருக்கிறது, தலை மந்தமாக வலிக்கிறது என்றால் இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். டிஸ்பென்சரியில் சொல்லி இரத்தம் பாருங்கள். பூச்சி மருந்தும் கேட்டு வாங்குங்கள்.

தேயிலை விளைவிக்கிற நமக்கு ஒரு சங்கதி தெரிய வேண்டும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுப்பதை அது தடுக்கும். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை! சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புக் குளிசையை வெறும் தண்ணீரோடு போடுங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் போடுங்கள். முருங்கைக் கீரை, வல்லாரை, நெத்தலி, பயறு, கூடவே தேசிக்காய்ப் புளி. இவை கைக்கு எட்டுகிற மருந்து.

பிரஷரும் கர்ப்பிணித் தாய்மாரும்

“எனக்குத் தலையிடி இல்லை, அதனால் பிரஷர் இல்லை” என்று சொல்கிறவர்கள் பலர். இது தவறு. பிரஷர் கூடினாலும் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் காட்டாது. அளந்து பார்த்தால்தான் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பார்ப்பார்கள். மருந்து தொடங்கியவர்கள் “இப்ப நல்லாயிருக்கு” என்று இடையில் நிறுத்த வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்மார் விசயம் வேறு. ஐந்து மாதத்துக்குப் பிறகு விடாத தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீர் வீக்கம், நெஞ்சுக்குக் கீழே மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அது பிரஷர் 140/90க்கு மேலே போன அடையாளமாக இருக்கலாம். கவனிக்காவிட்டால் வலிப்பு வந்து தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. நாளைக்குக் கிளினிக் இருக்கிறது என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிரசவமாகி ஆறு கிழமை வரைக்கும் இந்த ஆபத்து உண்டு. மாமியார், மாமனார், வீட்டுக்கார ஐயாமார்களே, இதை நீங்களும் மனதில் வைக்க வேண்டும். “பிள்ளை வயித்தில இருந்தா தலையிடிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத தலையிடி

பின்வருவதில் ஒன்று இருந்தாலும் பெனடோல் போட்டுப் படுக்கக் கூடாது:

1. இடி விழுந்தாற்போலத் திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறிய தலையிடி.
2. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடையை நெஞ்சில் வைக்க முடியாமை, பிதற்றல், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமை.
3. வாய் கோணல், ஒரு பக்கம் கை கால் விளங்காமை, பேச்சுக் குளறல், வலிப்பு.
4. வழுக்கி விழுந்தோ கிளை விழுந்தோ தலையில் அடிபட்ட பிறகு கூடிவருகிற வலி, வாந்தி.
5. காலையில் எழும்பும்போதே வலி, வாந்தி, பார்வை மங்கல். குனிந்தாலும் இருமினாலும் முக்கினாலும் கூடி, கிழமைக்குக் கிழமை மோசமாகிறது.
6. 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாக வருகிற புது வகைத் தலையிடி.
7. ஒரு கண் சிவந்து கடுமையாக வலித்து, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது.
8. மருந்து அடித்த பிறகு தலையிடியோடு வேர்வை, எச்சில் ஊறல், கண் மங்கல், வாந்தி. உடுப்பைக் கழற்றி உடம்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் லேபிளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

லொறி கிடைக்குமா, துரை அனுமதிப்பாரா என்று நிற்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். தோட்டத்தின் பெயர், டிவிசன், லய இலக்கம், வாகனம் வரக்கூடிய பாதை, இவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நாலையும் ஒரு துண்டில் எழுதிக் கதவில் ஒட்டி வைத்தால், பிள்ளைகூட அழைத்துச் சொல்லும்.

பெனடோலைப் பற்றி

பெனடோல் நல்ல மருந்து. சரியாகப் போட்டால் நண்பன். பெரியவர் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு குளிசை. அடுத்ததுக்குக் குறைந்தது நாலு மணித்தியாலம் இடைவெளி. ஒரு நாளில் எட்டுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம்; அதற்கு மேல் போனால் ஈரல் கெடும். தினமும் சாராயம் குடிக்கிறவர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. கடையில் விற்கிற தடிமன் குளிசையிலும் அதே மருந்து கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறும். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அந்த நேரத்தில் அஸ்பிரின், புரூபன் போன்றவற்றைத் தொடவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து வலிக் குளிசை போட்டால் அந்தக் குளிசையே தலையிடியை வரவழைக்கும். காலையில் எழும்பும்போதே தலை வலிக்கும். குளிசை போட்டால்தான் நிற்கும். மறுநாள் மறுபடியும் வலிக்கும். “பெனடோல் இல்லாட்டி எனக்கு வேலை ஓடாது” என்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். முதல் சில நாள் வலி கூடும். பிறகு தணியும்.

நாம் இனிச் செய்ய வேண்டியது

எல்லோர் வீட்டுச் சுவரிலும் ஒரு கலண்டர் தொங்குகிறது. தலையிடி வந்த நாளில் ‘த’ என்று எழுதுங்கள். குளிசை போட்ட நாளில் ‘ப’ என்று எழுதுங்கள். மாதச் சுகவீன நாளுக்கு ஒரு புள்ளி. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்குப் பள்ளி போகிற பிள்ளை எழுதித் தரட்டும். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளைக் கிழித்து டாக்டரிடம் கொண்டு போங்கள். கூட்ட நெரிசலில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை அந்தத் தாள் சொல்லிவிடும்.

நாளைக் காலையிலிருந்தே தொடங்கக்கூடியவை மூன்று: வெறும் வயிற்றோடு மலைக்குப் போகாதீர்கள், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போகாதீர்கள், சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் ஒரு மணித்தியாலம் பிரியுங்கள். ஐயாமார் செய்யக்கூடியது ஒன்று: காலையில் அடுப்பையும் தண்ணீர்க் குடத்தையும் நீங்கள் பார்த்துக்கொண்டால், அம்மாவுக்கு உட்கார்ந்து சாப்பிடப் பத்து நிமிடம் கிடைக்கும். எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மலையில் மலசலகூடமும் குடிநீரும் கேட்டு ஒரு கடிதம். இந்தக் கூட்டம் கலையுமுன் அதை எழுதிக் கையொப்பம் வைத்துவிட்டே போவோம். கையொப்பம் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். அதுவும் ஒரு குரல்தான்.

நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவர்கள் நாம். தலையிடி வந்தால் சகித்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. இனிமேல் சகிக்குமுன், ஏன் வருகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள், மிட்வைப்பிடம் கேளுங்கள், எங்களைக் கண்டாலும் நிறுத்திக் கேளுங்கள்.